பெண் கப்பியைப் பார்க்கப் பழகியது

போன சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மூன்று சிவப்பு நூல்கண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு மீன்தொட்டி முன்னால் உட்கார்ந்தேன். ஒரு மாதமான கப்பி மீன் குட்டிகளில் பெண்களைத் தனியாகப் பிரித்து வைத்திருந்தேன். அதில் எதை அடுத்த தலைமுறைக்கு வைத்துக்கொள்வது என்று முதல் சுற்றுப் பார்க்க வேண்டும். தொட்டி விளக்கையும் டியூப்லைட்டையும் போடவில்லை. பால்கனிக் கதவை மட்டும் முழுசாகத் திறந்து வைத்தேன்.

பதினெட்டு வருடமாக வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். மேட்சிங் நூல் எடுக்க வேண்டுமானால் துணியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலில் நான் முதலில் கற்றுக்கொண்டது. டியூப்லைட்டில் தக்காளிச் சிவப்பும் ரத்தச் சிவப்பும் ஒன்றுபோலத் தெரியும். வெளிச்சத்துக்கு வந்தால் ஒன்றில் மஞ்சள் அடிக்கும், இன்னொன்றில் கருஞ்சிவப்பு ஓடும். மீனும் அப்படித்தான். கடைகளில் சிவப்பு கலந்த விளக்கு போட்டிருந்தால் எந்த மீனும் நல்ல சிவப்பாகத்தான் தெரியும்.

நான் வளர்ப்பது ஃபுல் ரெட் என்று சொல்கிற ரகம். ஆணுக்கு உடம்பு, முதுகுத் துடுப்பு, வால் எல்லாம் ஒரே சிவப்பாக இருக்க வேண்டும். பெண்ணுக்கு வாலும் பின்னுடம்பும் சிவந்து, முன்பக்கம் வெளிறியிருக்கும். எங்கள் வீட்டில் இப்போது ஐந்தாம் தலைமுறை ஓடுகிறது. கப்பி தானாகவே பெருகும், அதில் வளர்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று நிறைய பேர் கேட்கிறார்கள். பெருகுவது உண்மைதான். ஆனால் ஒரு நிறம் ஐந்து தலைமுறை தாண்டி அதே நிறமாக நிற்க வேண்டுமென்றால் பெண் மீனைப் பார்க்கத் தெரிய வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2022 ஆகஸ்டில் மகளுக்காக இரண்டடித் தொட்டி வாங்கினோம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். ஐம்பது லிட்டர் சொச்சம் பிடிக்கும். நாங்கள் இருப்பது அயனாவரம். அங்கிருந்து கொளத்தூர் பக்கம்தான். கொளத்தூருக்குப் போகாதவர்களுக்குச் சொல்கிறேன்: அங்கே வண்ணமீன் என்பது தெருத்தெருவாக நடக்கிற தொழில். முன்னால் கடை, பின்னால் சிமெண்ட் தொட்டிகள், மாடியில் கண்ணாடித் தொட்டிகள் என்று குடும்பம் குடும்பமாகச் செய்கிறார்கள். ஆக்சிஜன் அடைத்துக் கட்டிய பிளாஸ்டிக் பைகள் அட்டைப்பெட்டிகளில் அடுக்கி வெளியூர்களுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அங்கே ஒரு கடையில் ஃபுல் ரெட் ஒரு ஜோடி 150 ரூபாய்க்கு வாங்கினேன். ஆண் அவ்வளவு அழகு. பெண்ணை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. ஜோடி என்றால் பெண்ணும் வரும், அவ்வளவுதான் அன்றைய நினைப்பு.

மூன்றாவது வாரமே இருபத்துமூன்று குட்டிகள். வீட்டில் ஒரே கொண்டாட்டம். ஆறு வாரத்தில் ஆண்களுக்கு நிறம் ஏற ஆரம்பித்தபோதுதான் எனக்கு மனசு சரிந்தது. பதினொரு ஆண்களில் மூன்றே மூன்றுதான் சிவப்பு. மற்றதெல்லாம் வாலில் கறுப்புத் திட்டு, பாம்புத்தோல் மாதிரிக் கோடு, ஒன்றுக்கு வால் பாதி நீலம். அப்பன் கண் முன்னால் தகதகவென்று நீந்துகிறான், பிள்ளைகள் வேறு யாரையோ போல இருக்கின்றன.

கொளத்தூரிலேயே வீட்டு மாடியில் கப்பி மட்டும் வளர்க்கிற ஒரு தம்பியிடம் போய்க் கேட்டேன். "அக்கா, பொட்டை மீன் கடையிலயே சினையாதான் வந்திருக்கும். எல்லா ஆணும் கலந்து கிடந்த தொட்டியா?" என்றார். ஆமாம், கலந்துதான் கிடந்தன. அப்புறம் அவர் சொன்னதைக் கேட்டு அசந்துபோனேன். பெண் கப்பி ஒருமுறை சேர்ந்தால் போதும், அந்த விந்தை உடம்புக்குள் மாதக்கணக்கில் சேமித்து வைத்துக்கொள்ளும். பக்கத்தில் ஆணே இல்லாவிட்டாலும் மாதத்துக்கு ஒரு ஈற்று என்று திரும்பத் திரும்பக் குட்டி போடும். அதாவது நான் ஒரு ஜோடி வாங்கியதாக நினைத்தேன். உண்மையில் அந்தப் பெண் மீன் வயிற்றுக்குள் எத்தனை அப்பன்களைச் சுமந்து வந்ததோ.

ஆக, ரகம் காக்க வேண்டுமென்றால் ஆணோடு சேராத பெண் வேண்டும். அது கடையில் கிடைக்காது, நாமே வளர்த்தால்தான் உண்டு. அந்தத் தம்பியின் மாடியில் தனியாகப் பிரித்து வைத்திருந்த குட்டிப் பெண்கள் நான்கையும், வேறொரு தொட்டியிலிருந்து இரண்டு ஆண்களையும் வாங்கி வந்தேன். என் கணக்கில் முதல் தலைமுறை அதுதான்.

கப்பியில் ஆணையும் பெண்ணையும் பிரிப்பது மூன்று வாரத்திலிருந்து நான்கு வாரத்துக்குள் நடக்க வேண்டிய வேலை. பெரியதாகிவிட்டால் யாருக்கும் தெரியும், ஆண் சின்னதாக நிறத்தோடு இருக்கும், பெண் பெரிதாக இருக்கும். குட்டியில் இரண்டே அடையாளம்தான். ஒன்று, பெண்ணுக்கு வயிற்றின் பின்முனையில் ஒரு கருநிழல். பென்சிலால் தொட்டு வைத்தது மாதிரி இருக்கும். வெளிர்நிறக் குட்டிகளில் இரண்டு வாரத்திலேயே சிலவற்றுக்குத் தெரியும். இன்னொன்று வயிற்றுக்கடியில் இருக்கிற துடுப்பு. பெண்ணுக்கு அது விசிறி மாதிரி முக்கோணமாக விரியும். ஆணுக்கு அது மெல்ல மெல்ல ஒடுங்கி ஊசி மாதிரி ஆகிவிடும். அந்த ஊசிதான் பிறகு சேர்வதற்கான உறுப்பு. குட்டியைக் கண்ணாடி டம்ளரில் எடுத்து, ஊசி கோர்க்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியால் பக்கவாட்டில் பார்ப்பேன். சந்தேகமாக இருந்தால் அதை எந்தப் பக்கமும் போடுவதில்லை, மூன்றாவதாக ஒரு டப்பாவில் தனியாக விடுவேன். இரண்டாம் தலைமுறையில் ஒரே ஒரு ஆணைப் பெண் என்று நினைத்துப் பெண்கள் தொட்டியில் விட்டுவிட்டேன். பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்தத் தொட்டியில் இருந்த ஒன்பது பெண்களையும் கணக்கிலிருந்து எடுக்க வேண்டியதாகிவிட்டது. அன்று இரவு சாப்பாடே இறங்கவில்லை.

குட்டி போடுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். சினைக்காலம் சுமார் நான்கு வாரம். நம் ஊர் வெயிலில் சில நேரம் இருபத்திரண்டு, இருபத்துமூன்று நாளிலேயே முடிந்துவிடும். நாள் நெருங்கும்போது அந்தக் கருநிழல் பெரிதாகிக் கிட்டத்தட்ட கறுப்பாகிவிடும். வயிறு உருண்டையாக இருந்தது போய், தொண்டைக்கடியில் சதுரமாக இறங்கும். தீனிக்கு மேலே வராமல் ஃபில்டர் மூலையில் ஒதுங்கி நிற்கும். இந்த மூன்றும் சேர்ந்தால் அன்றைக்கோ மறுநாளோதான்.

நான் முதன்முதலில் முழுசாகப் பார்த்தது மூன்றாம் தலைமுறையில். காலை ஐந்தரை மணி. தாய் கண்ணாடியோரம் அசையாமல் நின்றது. செவுள் மட்டும் வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று வாலை ஒரு வெட்டு வெட்டியது. பின்னாலிருந்து ஒரு சின்ன உருண்டை விழுந்தது. மிளகை விடச் சின்னது, உள்ளே இரண்டு கண் மட்டும் தெரிகிறது. உருண்டை கீழே இறங்கிக்கொண்டே இருக்கும்போது பாதி வழியில் அவிழ்ந்தது. தலையும் வாலும் ஒட்டி வளைந்து கிடந்த குட்டி நிமிர்ந்து, மணலைத் தொட்டு, இரண்டு நொடி அப்படியே கிடந்துவிட்டு, ஒரே எழும்பு எழும்பிப் பாசிக்குள் போய்விட்டது. நீளம் அரை சென்டிமீட்டர் சொச்சம்தான் இருக்கும். பிறந்த கையோடு ஒளியத் தெரிகிறது. தெரிய வேண்டும், ஏனென்றால் பெற்ற தாயே திரும்பிப் பார்த்து வாயைத் திறக்கும். அடுத்த உருண்டைக்கு ஐந்து நிமிடம் ஆனது. அன்றைக்குத் தைக்க வேண்டியிருந்த இரண்டு பிளவுஸ் மதியத்துக்குத் தள்ளிப்போனது. முப்பத்தொன்று எண்ணினேன்.

இதற்கென்று விற்கிற பிளாஸ்டிக் பெட்டியை நானும் முதலில் வாங்கினேன். நடுவில் இடுக்கு வைத்து, குட்டி கீழே விழுகிற மாதிரிச் செய்தது. அதற்குள் அடைத்தால் தாய் மீன் சுவரில் முட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு மீன் மூன்று நாள் குட்டியே போடாமல் அடக்கிக்கொண்டு கடைசியில் செத்துப்போனது. இப்போது அதைத் தொடுவதில்லை. இருபது லிட்டர் தொட்டி ஒன்றில் ஜாவா மாஸ் பாசியையும் ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியையும் அடர்த்தியாகப் போட்டு, நாள் நெருங்கிய தாயை ஒரு வாரம் முன்பே அங்கே விட்டுவிடுவேன். வயிறு நிறையத் தீனி போட்டிருந்தால் குட்டிகளைத் துரத்துவதும் குறைகிறது. முடிந்ததும் தாயைத் திரும்பப் பெண்கள் தொட்டிக்கு மாற்றிவிடுவேன்.

குட்டிகளுக்கு முதல் மாதத் தீனிதான் அவற்றின் உடம்பு. அவித்த முட்டை மஞ்சள் கருவைக் கரைத்து விடுபவர்கள் உண்டு. நானும் செய்தேன், தண்ணீர் அன்று மாலையே நாற ஆரம்பித்தது. ஆர்ட்டீமியா என்ற பொடி இறால் வகையின் முட்டை வாங்கிப் பொரிக்கப் பழகிக்கொண்டேன். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகக் கட்டி, இரண்டு மேசைக்கரண்டி கல் உப்பு கரைத்து, கால் தேக்கரண்டி முட்டை போட்டு, ஏர் பம்ப்புக் குழாயை அடிவரைக்கும் விட வேண்டும். இருபத்துநான்கு மணி நேரத்தில் பொரிந்துவிடும். டிசம்பரில் கொஞ்சம் கூடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டு, அடியில் ஒரு டார்ச் காட்டினால் பொரிந்த உயிர்கள் வெளிச்சத்தைத் தேடி ஆரஞ்சு மேகம் மாதிரி இறங்கும். வெற்று ஓடு மேலே மிதக்கும். குழாயால் அடியிலிருப்பதை மட்டும் இழுத்து, லைனிங் துணியை இரண்டாக மடித்து வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிவிட்டுக் கொடுப்பேன். ஐந்தே நிமிடத்தில் ஒவ்வொரு குட்டியின் வயிறும் ஆரஞ்சு மணியாகிவிடும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த ஐந்து நிமிடம் எனக்குச் சலிப்பதில்லை.

தண்ணீர் விஷயத்தில் நான் செய்த தவறு ஒன்று இருக்கிறது. 2023 மார்ச்சில் தைப்பு வேலை தலைக்கு மேல் இருந்த ஒரு வாரம். பிடித்து வைத்த தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. குழாய்த் தண்ணீரை நேரே ஊற்றினேன். அதோடு ஃபில்டர் பஞ்சையும் அதே குழாயடியில் பிழிந்து பிழிந்து வெள்ளையாகக் கழுவி வைத்தேன். மூன்று நாளில் பதினான்கு குட்டிகள் போய்விட்டன. குளோரின் மீனின் செவுளை அரிக்கும், அது ஒன்று. இன்னொன்று, மீன் கழிவில் வருகிற அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற நுண்ணுயிர்கள் அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கின்றன. முதல் இரண்டும் விஷம், மூன்றாவது அவ்வளவு மோசமில்லை, தண்ணீர் மாற்றும்போது போய்விடும். நான் அழுக்கு என்று நினைத்துக் கழுவியது அந்த நுண்ணுயிர்களைத்தான். இப்போது தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பஞ்சை இரண்டு அமுக்கு அமுக்குவதோடு சரி. குழாய்த் தண்ணீரை டிரம்மில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்து, ஆன்டி குளோரின் சொட்டுவிட்டு, வாரத்துக்குக் கால்வாசிதான் மாற்றுகிறேன். எங்கள் போர் தண்ணீர் கடினமானது, பாத்திரத்தில் வெள்ளை படியும். கப்பிக்கு அது நல்லதுதான். அதில் பாதி, இதில் பாதி.

அந்த வருடம் டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. ஏர் பம்ப் நின்றுவிட்டது. நானும் மகளும் மாறி மாறி அரை மணிக்கு ஒருமுறை சொம்பில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். தீனி அறவே போடவில்லை. கழிவு குறைந்தால் பிழைக்கும் என்று அந்தத் தம்பி போனில் சொல்லியிருந்தார். இரண்டு ஆண்கள் மட்டும் போயின. மகள் அவற்றை மணத்தக்காளிச் செடித் தொட்டியில் புதைத்தாள்.

பெண் மீனுக்கு வருகிறேன். மகள் பள்ளிக்கூடத்துக்குக் கப்பி பற்றி ஒரு புராஜெக்ட் செய்தபோது நானும் கூட உட்கார்ந்து படித்தேன். டிரினிடாட் தீவிலிருந்து 1860களில் லெச்மியர் கப்பி என்பவர் இந்த மீனை லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார், அவர் பெயரே நின்றுவிட்டது. அதற்கு முன்பே, 1859இல், வெனிசுவேலாவில் கிடைத்த மீனை வைத்து பீட்டர்ஸ் என்ற ஜெர்மானியர் எழுதிவிட்டார். அறிவியல் பெயரில் இன்றும் நிற்கிற ரெட்டிகுலேட்டா என்பது அவர் வைத்தது. எனக்கு இதைவிட உபயோகமாக இருந்தது இன்னொரு செய்தி. ஜொஹானஸ் ஷ்மிட் என்ற டென்மார்க்காரர் 1920இல் கப்பியை வைத்துத்தான், ஆணின் முதுகுத் துடுப்பில் இருக்கிற ஒரு கரும்புள்ளி அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே நேராகப் போகிறது என்று காட்டினார். ஆணிடம் மட்டுமே இருக்கிற ஒய் குரோமோசோம் வழியாக.

அதைப் படித்ததும், அப்படியானால் அப்பன் நன்றாக இருந்தால் போதுமே என்றுதான் தோன்றியது. இரண்டாம் தலைமுறையில் அப்படித்தான் செய்தேன். மிகச் சிறந்த ஆணை எடுத்து, கைக்கு வந்த பெண்ணோடு விட்டேன். மகன்களின் சிவப்பு ஒரு படி மங்கி, செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. சில அடையாளங்கள் அப்பன் வழியில் நேராக வரும், சரி. ஆனால் நிறத்தின் ஆழமும், வாலின் அகலமும், உடம்புக் கட்டும் தாய் வழியிலும் வருகின்றன. தாய் தன் உடம்பில் முழுசாகக் காட்டாத சிவப்பை மகனுக்குக் கொடுக்கிறாள். அவள் எதை வைத்திருக்கிறாள் என்பது அவளுடைய ஆண்பிள்ளைகளைப் பார்த்தால்தான் முழுசாகத் தெரியும்.

அதனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு தாய்க்கும் ஒரு பக்கம் ஒதுக்கி நோட்டு போட்டேன். அளவு எழுதுகிற பழைய நோட்டுதான். எந்தத் தாய், எந்தத் தேதியில், எத்தனை குட்டி, அதில் எத்தனை ஆண் நல்ல சிவப்பு, யாருக்கு முதுகு வளைவு. மூன்றாம் தலைமுறையில் ஒரு தாய் இருந்தாள். பார்க்க ஒன்றுமில்லை, வால்கூட மற்றவர்களை விடச் சின்னது. ஆனால் அவளுடைய இரண்டு ஈற்றிலும் ஆண்கள் எல்லாம் குங்குமம் மாதிரி ஒரே சிவப்பு. கடையில் என்றால் அவளை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். இன்று என் வீட்டில் நீந்துகிற ஒவ்வொரு மீனும் அவள் வழியில் வந்ததுதான்.

ஒரே வழியிலேயே போனாலும் ஆபத்து. அந்த மூன்றாம் தலைமுறையிலேயே வேறொரு ஈற்றில் பத்தொன்பதில் இரண்டு குட்டிக்கு முதுகு கூன். உறவுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்த்தால் இப்படி வரும், குட்டி எண்ணிக்கையும் குறையும். அதனால் இப்போது இரண்டு வரிசை வைத்திருக்கிறேன். தனித்தனியாக ஓடும். இரண்டு தலைமுறைக்கு ஒருமுறை இதன் பெண்ணை அதன் ஆணோடு சேர்ப்பேன். வெளியிலிருந்து ஒரு ஆண் கொண்டுவந்தால் மூன்று வாரம் தனித் தொட்டி. வெண்புள்ளி நோய் எதுவும் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும்.

ஒதுக்குகிற மீன்களை என்ன செய்கிறாய் என்று கேட்பவர்களுக்கு: கூன் இல்லாத, நிறம் மட்டும் குறைந்த மீன்களைத் தெரிந்தவர்கள் மாடியில் வைத்திருக்கிற அல்லித் தொட்டிகளுக்குக் கொடுத்துவிடுகிறேன். கொசுப் புழுவைத் தின்று அங்கே சுகமாக இருக்கும். கூன் மீன்கள் என்னிடமே ஒரு தொட்டியில் ஆயுசுக்கும் இருக்கும். ஏரியிலோ குளத்திலோ மட்டும் விடுவதே இல்லை. இந்த மீன் போன இடத்திலெல்லாம் பெருகும், அங்கே ஏற்கெனவே இருக்கிற நம் ஊர்ச் சின்ன மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும். தயவுசெய்து நீங்களும் விடாதீர்கள்.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். பதினொரு பெண்கள் இருந்தார்கள். ஒவ்வொன்றாக டம்ளரில் எடுத்து, பின்னால் வெள்ளை லைனிங் துணியைப் பிடித்து, பக்கத்தில் நூல்கண்டை வைத்துப் பார்த்தேன். முதுகு நேராக இருக்கிறதா, வால் அடித்தண்டு தடிப்பாக இருக்கிறதா, அப்புறம் வாலின் சிவப்பு. ஒரு மாதத்தில் அது லேசாகத்தான் ஏறியிருக்கும், மெல்லிய ஜார்ஜெட்டுக்கு அடியில் சிவப்பு லைனிங் கொடுத்தால் தெரியுமே, அந்த அளவுக்கு. ஒன்பது மணிக்குள் ஐந்து பேரை எடுத்துவிட்டேன். ஆறாவது ஒருத்தி வாலில் ஒன்றுமே இல்லை, ஆனால் நோட்டைப் பார்த்தால் அவள் அந்தக் குங்குமக்காரியின் பேத்தி. அவளையும் சேர்த்துக்கொண்டேன். மகள் பெயர் வைக்கட்டுமா என்று கேட்டாள். இரண்டு மாதம் போகட்டும், முதல் ஈற்று வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.